விஜியின் கரள்

விஜயலக்ஷ்மிக்குக் கோபம் வந்தால் வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் காக்கா உட்காராது என்று எங்கள் வக்கீல் சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். ஆனால் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் சாய்ந்து தூங்கும் ஆளை எழுப்பவும், தான் செய்த தப்புக்கு நம்மேல் பாயும் கோர்ட்டு ஊழியரை வாயடைக்கவும் அவளை விட்டால் எங்கள் ஆபீசில் ஆள் கிடையாது. அவள் டைப் அடிப்பாள். நான் ரத்னாபாய், அதே வக்கீலுக்குக் குமாஸ்தா. இருபது வருஷத்துக்கு மேலாக எதிரெதிர் மேஜை. அவள் பேசுவது கரமனை அக்கிரகாரத்துத் தமிழ், நான் பேசுவது பாறசாலைத் தமிழ். சண்டை முற்றினால் இரண்டு பேரும் மலையாளத்துக்குத் தாவிவிடுவோம். திட்டுவதற்கு அதுதான் வாகு.

இதை எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். அவளுக்கு நடந்ததை அவள் வீட்டு மனுஷர்கள் இப்போது வேறு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். பகவான் ஒரு சோதனை வைத்தாராம், பிறகு அவரே அதைச் சரிபண்ணினாராம். சோதனை வைத்தது பகவான் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும்.

விஜிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், பண்ணிக்கொண்டு நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பாள். அப்பா அம்மா போனபிறகு அண்ணா கல்யாணராமன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். அண்ணா இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. மன்னி கோமளாவுக்கு முழங்கால் வலி, அதனால் காலைச் சமையல் விஜி கையில். கோலம் போட்டு, காப்பி கலந்து, குழம்பு ரசம் வைத்து, அண்ணாவுக்கு டிபன் டப்பா கட்டிவிட்டு, அதன்பிறகு பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்து எங்களிடம் சண்டை போடுவாள். வீட்டில் மட்டும் அவளுக்குக் கோபம் வராது. அண்ணா என்றால் அவளுக்கு அப்படி ஒரு இது. பள்ளிக்கூடத்தில் யாரோ அவளைக் கேலி பண்ணியதற்காக அந்தப் பையனை ஆற்றில் தள்ளிவிட்ட அண்ணா. அந்த ஒரு தள்ளலுக்கு அவள் ஆயுசு முழுக்கக் காப்பி கலந்து கொடுத்தாள் என்று நான் சொன்னால் என்மேல் பாய்வாள்.

அந்த அண்ணாவுக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. இங்கே மலையாள வழக்கில் கரள் என்போம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வருஷக்கணக்காக அரித்திருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, ஆள் பாதியாகிவிட்டார். குடிப்பீர்களா என்று டாக்டர் முதல் நாள் கேட்டதற்கு அவர் அவமானப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நம் குடும்பத்தைப் பார்த்து எப்படி அந்தக் கேள்வி கேட்கலாம் என்று வீடே கொதித்தது. அந்தக் கொதிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கலாம் அவர்கள். சந்தேகப்பட்டால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த குடும்பம்தானே.

உறவில் யாராவது கரளில் ஒரு பங்கு கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடுமாம். மன்னிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மகள் மாளவிகாவுக்குச் சேர்ந்தது, பெங்களூரில் வேலை பார்க்கிற திடகாத்திரமான பெண். ஆனால் கல்யாணமாக வேண்டிய பெண் வயிற்றில் அவ்வளவு பெரிய தழும்போடு நின்றால் யார் கட்டுவார்கள் என்றாள் மன்னி. அப்போது எல்லாரும் விஜியைப் பார்த்தார்களாம். கொடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. விஜி இருக்கிறாளே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் அரிசி இருக்கிறதே என்று சொல்வதுபோல.

"கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்" என்று என்னிடம் சொன்னாள். "ஒரு வார்த்தை கேக்கலை, ரத்னா."

நான் அன்றைக்கே சொன்னேன், மாளவிகாவுக்குத்தான் வயிறு இருக்கிறதா, உனக்கு இல்லையா என்று. அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

முதல் சுற்றுப் பரிசோதனைகள் எல்லாம் நன்றாக வந்தன. ரத்தம், ஸ்கேன், இதயம், எதிலும் குறையில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் பாக்கி.

இங்கேதான் மன்னியின் நேர்ச்சை வருகிறது. ஆபரேஷன் நல்லபடி நடக்க, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆயிரத்தெட்டு தோப்புக்கரணம் போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் உடைப்பதாக வேண்டியிருக்கலாம், ஊரே அதைத்தான் செய்கிறது. ஆனால் வேண்டியது தோப்புக்கரணம். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்க மன்னியின் முழங்கால் ஒத்துழைக்காது என்பது வேண்டும்போதே அவளுக்குத் தெரியும். அதனால், நீ போட்டுவிடேன் விஜி, உன் நல்லதுக்கும்தானே என்றாள். கோயிலில் அத்தனை எண்ணிக்கைக்கு நிற்க இடம் கிடைக்காது. பூஜை அறையில் படத்துக்கு முன்னால் போட்டால் போதும் என்று ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டாள். முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது மன்னியின் சட்டம். மன்னி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மஞ்சாடிக்குருவை, அந்தச் சிவப்பு விதைகளை, ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினாளாம். விஜிக்கு ஐம்பதை நெருங்கும் வயசு. பஸ்ஸுக்கு ஓடுவதைத் தவிர உடம்பை வருத்தாத ஆள். பாதிக்கு மேல் தொடை நடுங்கியிருக்கிறது, கண் இருட்டியிருக்கிறது. நிறுத்தவில்லை. தொடங்கியதைப் பாதியில் விடுவது அவள் ஜாதகத்திலேயே இல்லை. மதியம் நெருங்கும்போது முடித்துவிட்டு, சுவரைப் பிடித்து நடந்துபோய்ச் சாதம் வடித்தாள். அன்றைக்கும் சமையல் அவள்தான்.

மறுநாள் ஆபீசுக்கு வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தாள். எழுந்திருக்க மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டு வளாகத்துக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, குத்துக்கால் போட முடியவில்லை, சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போகிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ மனுஷியா, மாவு மெஷினா? ஒங்க மன்னி வேண்டுவா, நீ குத்தி எழும்பணுமா?" என்றேன்.

பிள்ளையார்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்கள் சபையிலும் உபவாசம் இருப்பார்கள், முழங்கால் தேய ஜெபிப்பார்கள். ஆனால் அவரவர் முழங்காலில்தான் செய்வார்கள். நிறையத் தண்ணீர் குடி என்று சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் உடம்பு காய்ந்துவிட்டது, சரியாகிவிடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அதற்கு அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள்.

ரத்தம் அவளுடையது, கரள் அவளுடையது, ரிப்போர்ட் போனது மன்னியின் போனுக்கு. ஆஸ்பத்திரியில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் விஜிக்குத் தெரியும் முன்னால் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்புக்குத் தெரிந்துவிட்டது. கரள் கெட்டால் ரத்தத்தில் கூடும் இரண்டு என்சைம்கள் இருக்கின்றன. ஒன்று இருக்க வேண்டியதைப்போல் இருபது மடங்குக்கு மேல், மற்றொன்று ஏழெட்டு மடங்கு. இந்த ஆளிடமிருந்து கரள் எடுக்க முடியாது, வேறு ஆள் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாளவிகா பெங்களூரிலிருந்து கூகிளைக் குடைந்து, காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் திடீரென்று இப்படி ஏறும் என்று குரூப்பில் எழுதினாள். அதற்குமேல் அவள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் விஜி ஒரு வக்காலத்து அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணா கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டைப் அடிப்பது அவள் பழக்கம், அதனால் நானும் கேட்டேன். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது.

"விஜி, நோக்கு இஷ்டமில்லேன்னா நேர சொல்லியிருக்கலாமே. மாத்திரையைத் தின்னு இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என்ன மாத்திரை, என்ன பண்ணினேன் என்று கேட்டாள். அவர் வைத்துவிட்டார். பிறகு குரூப்பைத் திறந்து படித்தாள். நான் அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டவில்லை. இருபது வருஷத்தில் விஜிக்குக் கோபம் வராமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட்டை அவள் போனுக்கு வரவழைத்து இரண்டு பேரும் பார்த்தோம். தடித்த எழுத்தில் எண்கள், பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டித் தேய்ந்த கண்கள் எங்களுடையவை. ஆனாலும் அந்தக் காகிதத்தில் எதைப் பிடித்து எங்கே போவது என்று தெரியவில்லை. போனில் தேடினால் மஞ்சள் காமாலை என்றது, புற்றுநோய் என்றது, குடி என்றது. எல்லாவற்றையும் சொல்லும் மருத்துவன் ஒன்றும் தெரியாதவன்தான். நான் போனைப் பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். அப்போது அவள் கேட்டதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நிஜமாகவே தனக்கு ஏதோ வியாதி இருக்கிறது, அண்ணாவை இனி யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்டாள். அத்தனை பேச்சு வாங்கியபிறகும் அவள் பயம் அவரைப் பற்றித்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. நானும் போனேன். இவள் எதற்கு என்பதுபோல் மன்னி பார்த்தாள். பார்க்கட்டும். அண்ணா சக்கர நாற்காலியில் இருந்தார். தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் பெயர் ராஜஸ்ரீ. மலையாளி, ஆனால் நாகர்கோவில் நோயாளிகள் நிறைய வருவதால் தமிழ் நன்றாகவே பேசுவார். விஜியிடம் வரிசையாகக் கேட்டார். குடிப்பது உண்டா, மாத்திரை ஏதாவது, கஷாயம் லேகியம் ஏதாவது, பச்சிலை, காளான், முன்பு மஞ்சள் காமாலை வந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். உடற்பயிற்சி ஏதாவது செய்தீர்களா, ஜிம்முக்குப் போனதுண்டா என்றும் கேட்டார். விஜி அதற்கும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஜிம் என்பது அவளுக்கு மாளவிகா போகிற இடம். நேர்ச்சையை யார் உடற்பயிற்சி என்பார்கள்? பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை, உட்கார்ந்து எண்ணிய மன்னிக்கும் தோன்றவில்லை.

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் மன்னி வாயைத் திறந்தாள். மறைக்காமல் சொல்லிவிடு விஜி, பயத்தில் யாருக்கும் புத்தி தடுமாறும், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்றாள். மெதுவாக, தேன் தடவிச் சொன்னாள். தானும் ஒரு பெண், தனக்கும் புரியுமாம்.

ஒரு நாள் முழுக்க உள்ளே கிடந்த கோபம் அப்போதுதான் வந்தது. வழக்கமாக மலையாளத்தில் வருவது அன்று தமிழிலேயே வந்தது.

"பயமா? நேக்கா? நான் என்ன மாத்திரை தின்னேன், நீங்க பாத்தேளா? சீக்காளி பண்ணற காரியமா நான் பண்ணினது? ஆயிரத்தெட்டு தோப்புக்கரணம், மன்னி. நீங்க நாற்காலியில உக்காந்துண்டு எண்ணினேளே. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க விட்டேளா? இன்னிவரைக்கும் படி எறங்க முடியலை நேக்கு. உங்க நேர்ச்சையை என் கால்ல கட்டினேள், உங்காத்துக்காரருக்கு என் கரளை எழுதிவச்சேள், இப்போ திருட்டுப் பட்டமும் கட்டறேளா?"

மன்னி கைக்குட்டையைத் தேடினாள். டாக்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதைப் போட்டீர்கள் என்று கேட்டார். தோப்புக்கரணம் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. நான் இரண்டு காதையும் மாற்றிப் பிடித்து ஒரு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினேன்.

"ஏத்தமிட்டதா?" என்று அதன் மலையாளப் பெயரைச் சொன்னார். "எத்தனை? ஒரே நாளிலா? ரத்தம் கொடுக்கிறதுக்கு எத்ர நாள் முன்னாடி?"

சிறுநீரின் நிறம் எப்படி இருந்தது என்று அடுத்துக் கேட்டார். நான்தான் சொன்னேன். உடனே நர்சைக் கூப்பிட்டு இன்னொரு குழாயில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தசைக்கு என்று தனியாக ஒரு என்சைம் இருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டுமாம். முடிவு வரும்வரை வெளியே உட்கார்ந்திருந்தோம், அவர்கள் ஒரு பெஞ்சில், நாங்கள் ஒரு பெஞ்சில்.

முடிவு வந்தபோது டாக்டரே அதை இரண்டு தடவை படித்தார். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டியது பல்லாயிரத்தில் இருந்தது. பிறகு எல்லாரையும் வைத்துக்கொண்டே விளக்கினார். கரளில் இருக்கிற அந்த இரண்டு என்சைமும் தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாத உடம்பு அத்தனை முறை உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தசை உள்ளுக்குள் கிழிந்து, இருப்பதையெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். ரிப்போர்ட் பார்ப்பவர்களுக்குக் கரள்தான் உடைந்ததுபோலத் தோன்றும். பித்தம் காட்டுகிற எண்ணும், கரளுக்கே உரிய மற்ற எண்களும் விஜியின் ரிப்போர்ட்டில் சரியாகத்தான் இருந்தன. கரளில் ஒரு கோளாறும் இல்லை. தசையிலிருந்து கரைந்தது சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும், அந்தக் கட்டன் சாயா நிறம் அதனால்தான், இப்போதே படுக்க வைத்து டிரிப் ஏற்ற வேண்டும் என்றார்.

விஜி அவரையும் விடவில்லை. ஜிம்முக்குப் போனாயா என்று கேட்டீர்களே, கோயிலுக்கு வேண்டிக்கொண்டாயா என்று கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை, இனிமேல் எல்லாரிடமும் கேட்கிறேன் என்றார் டாக்டர். அந்த அறையில் தன் தப்பைத் தப்பு என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

மன்னி என்ன சொன்னாள் தெரியுமா? போடச் சொன்னேன், ஒரே மூச்சில் போடச் சொன்னேனா என்றாள். பிள்ளையாருக்குச் செய்ததால் கெடுதல் வந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. மாளவிகா குரூப்பில் கை கூப்பிய படம் ஒன்று போட்டாள்.

அண்ணா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், தங்கையின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் டாக்டர் பக்கம் திரும்பி, அப்படியானால் ஆபரேஷன் எப்போது என்று கேட்டார்.

சாகக் கிடக்கிற மனுஷனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டுபோய், நேற்று போனில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். உடம்பு சரியில்லாதவன் ஏதோ சொன்னேன், அதையெல்லாம் விஜி பெரிசாக எடுத்துக்க மாட்டாள் என்றார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆற்றில் ஒருத்தனைத் தள்ளியதன் பலன் இன்னும் தீரவில்லை என்ற நம்பிக்கை.

விஜி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. பார்க்க வந்த மன்னி, நேர்ச்சை பலித்ததா இல்லையா என்று ஜோசியரைக் கேட்கப் போவதாகச் சொன்னாள். விஜி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து அவள் கரமனைக்குப் போகவில்லை, என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டில் மீன் வாசம் அடிக்கும். இரண்டு வாரம் நாங்கள் மீன் வாங்கவில்லை, அவளும் சாம்பார் வைத்துப் போட்டாள், என் மகன் ஷிபின் அந்த சாம்பாருக்கு அடிமையாகிவிட்டான்.

மறுபடி எடுத்த ரத்தத்தில் எல்லா எண்களும் இறங்கி இடத்துக்கு வந்திருந்தன. அன்று டாக்டர் வீட்டு ஆட்களை வெளியே அனுப்பினார். என்னையும் போகச் சொன்னார். இவள் இருக்கட்டும் என்றாள் விஜி. டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது இதுதான். கொடுப்பவர் எல்லாரிடமும் தனியாகக் கேட்பது எங்கள் முறை. உங்களுக்கு வேண்டாம் என்றால் இப்போதும் சொல்லலாம். உடம்பு பொருந்தவில்லை என்று மட்டும் வெளியே சொல்வோம், காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

எத்தனை சுலபமான வழி. அவள் கரள் கெட்டது என்று ஏற்கனவே பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையசைப்பு போதும், மாளவிகாவின் வயிற்றைப் பற்றி அவர்கள் யோசிக்கட்டும். நான் மனசுக்குள் கர்த்தரே, இவள் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று ஜெபித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அதுதான் ஜெபித்தேன்.

விஜி வெகு நேரம் யோசிக்கவில்லை. இத்தனை நாளில் தன்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றாள் டாக்டரிடம். பிறகு, கொடுக்கிறேன் என்றாள்.

வெளியே வந்ததும் நான் வராந்தாவிலேயே சண்டை பிடித்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லவில்லையே, மானம் ரோஷம் ஒன்றும் கிடையாதா உனக்கு என்று கேட்டேன்.

"இருக்கு. அதான் குடுக்கறேன்" என்றாள். "நான் இப்போ மாட்டேன்னா, அவா சொன்னது நெஜமாயிடும். நான் குடுத்தும் அவன் சொன்னது சொன்னதுதான்னா, அது அவன் தலைமேல இருக்கட்டும்."

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணாவைச் சக்கர நாற்காலியில் அவள் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களே அப்படி ஒரு சந்திப்பு வைப்பார்களாம். அவர் மிகவும் மெலிந்திருந்தார். பயந்திருந்தார். விஜி, என் மேல் கோபமா என்று கேட்டார். யாருக்கும் மனசு இளகும் குரல். எனக்கே கொஞ்சம் இளகியது, மறைக்கவில்லை.

"ஆமாம், கோபம்தான்" என்றாள். "இப்போ ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்போ சொன்னா நோக்கு வயத்து வலி, தல சுத்தல், உடனே அழுதுடுவே. நானும் விட்டுடுவேன். நீ பொழைச்சு எழுந்து வா, அப்புறம் பேசிக்கறேன் உன்னை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். விஜியின் வயிற்றில் பெரிய தழும்பு விழுந்தது. ஆபீசுக்குத் திரும்பி வந்த முதல் நாளே லிஃப்ட் ஆபரேட்டரோடு சண்டை. வஞ்சியூரிலேயே ஒரு மாடிப் போர்ஷன் எடுத்து இப்போது தனியாக இருக்கிறாள். கரமனையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். மன்னியும் வந்தாள், ஜோசியர் நேர்ச்சை பலித்தது என்று சொன்னாராம். விஜி அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணராமன் தானே ஆட்டோ பிடித்து வந்தார். நான் அங்கேதான் இருந்தேன், இரண்டு பேருமாகப் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணில் மஞ்சள் இல்லை, கன்னம் தேறியிருந்தது, படிக்கட்டில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்து வாசலில் நின்றார். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாரா என்று விஜி தலை முதல் கால்வரை ஒரு தடவை பார்த்தாள். இருக்கிறார் என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் பேசியதை எழுத எனக்குத் தெம்பில்லை. காப்பியிலிருந்து தொடங்கினாள். யாரும் கேட்காமல் எழுதிவைத்த கரள், மன்னி எண்ணிய மஞ்சாடிக்குரு, போனில் வந்த அந்த வார்த்தை, ஆபரேஷன் எப்போது என்ற அந்தக் கேள்வி, ஒன்றையும் விடவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். அவர் வாசற்படியில் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வழிந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் சொன்னார்.

"நான் சொன்னது தப்பு, விஜி. உன்னை அப்படி நெனைச்சதே தப்பு."

அவள் எழுந்து உள்ளே போனாள். சமாதானமாகிவிட்டது, காப்பி கலக்கப் போகிறாள் என்று நினைத்து எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. அவள் காப்பி கலக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள்.

"இன்னும் முடியலை" என்றாள். "உக்காந்துண்டு கேளு."